அணா, பைசா, வெக்டர்: மாற்றும்போது தொலைகிற மீதம்

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது அந்த நாள் நினைவிருக்கும். அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. அன்று முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. இனிமேல் கணக்கு சுலபம் என்றார்கள். ஆனால் நூறைப் பதினாறால் வகுத்தால் 6.25 வருகிறது. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அந்தக் கால் பைசாவை என்ன செய்வது?

அரசாங்கம் ஓர் அட்டவணை போட்டது. அரை பைசாவோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் விட்டுவிடு, அரைக்கு மேல் இருந்தால் ஒன்றாக்கு என்பது கணக்கு. அதன்படி ஓரணா 6 பைசா, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. கடைகளில் இந்த அட்டவணையை அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கீரைக்கட்டு ஓரணா. நாலு கட்டு ஒன்றாக வாங்கினால் நாலணா, அதாவது 25 பைசா. தனித்தனியாக நாலு தடவை வாங்கினால் நாலு ஆறு 24 பைசா. என் அம்மா இதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "தனித்தனியா வாங்கிண்டு வாடா" என்று அனுப்புவாள். மூன்றாவது தடவை போய் நின்றதும் கீரைக்காரம்மா சிரித்தார். "ஏன் தம்பி, நாலு நடை நடக்கிறே? உங்கம்மா கணக்குக்கு என் கட்டு நாலும் சேர்ந்து ஒரு பைசா நஷ்டம். போய்ச் சொல்லு."

இரண்டு பேர் கணக்கும் சரி. ஒவ்வொன்றாக மாற்றிவிட்டுக் கூட்டினால் ஒரு விடை, கூட்டிவிட்டு மாற்றினால் வேறு விடை. பிற்பாடு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைத்த முப்பது வருஷத்தில் அந்த ஒரு பைசாவை வெவ்வேறு வேஷத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் சரித்திரத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன். கம்ப்யூட்டர் விஷயமா என்று பயப்பட வேண்டாம். கீரைக்கட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நயா பைசா வந்த அதே 1957 ஏப்ரலில்தான் அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் குழு, ஃபோர்ட்ரான் மொழிக்கான முதல் கம்பைலரை வாடிக்கையாளருக்கு அனுப்பியது. கம்பைலர் என்றால், நாம் கணித வாய்பாடு போல எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற உத்தரவுகளாக மாற்றும் புரோகிராம். தொகுப்பி என்று கலைச்சொல் வந்திருக்கிறது. நான் பழைய ஆள், கம்பைலர் என்றே எழுதுகிறேன்.

ஃபோர்ட்ரானில் எண்கள் இரண்டு ஜாதி. முழு எண், அதாவது இன்டிஜர். புள்ளி வைத்த எண், அதாவது ரியல். இயந்திரத்துக்குள் இவை இரண்டும் முற்றிலும் வேறு விதமாக எழுதி வைக்கப்படும். ஒரு பெயர் ஐ முதல் என் வரையிலான ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் அது முழு எண், மற்றவை ரியல். (கடவுள் என்பதற்கான ஆங்கிலச் சொல் ஜி-யில் தொடங்குவதால், வேறு மாதிரி அறிவிக்காதவரை கடவுள் ரியல்தான் என்று ஒரு ஜோக் எங்கள் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர் மையங்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது.)

அந்த முதல் ஃபோர்ட்ரான் கறாரானது. முழு எண்ணையும் ரியலையும் ஒரே கூட்டலில் கலக்கக் கூடாது. கலந்தால் கம்பைலர் ஏற்காது. மாற்ற வேண்டுமானால் மாற்று என்று நாமே எழுத வேண்டும். ஒரே ஒரு ஓட்டை மட்டும் விட்டிருந்தார்கள். ரியலைக் கொண்டுபோய் முழு எண் பெட்டியில் போட்டால், புள்ளிக்குப் பின்னால் இருப்பதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 28.9 போட்டால் 28. இந்த ஓட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சென்னைக்கு இதெல்லாம் வந்தது அறுபதுகளில். கிண்டி பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஓர் ஐபிஎம் 1620 இருந்தது. 1973-இல் ஜெர்மன் உதவியில் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்தது. கான்பூரிலிருந்து வந்து அங்கே கணினித் துறையை வளர்த்த பேராசிரியர் மஹாபலாவின் பெயர் அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எண்பது கட்டம் கொண்ட அட்டையில் ஓட்டை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் போய்க் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் ஒரு நாள் போச்சு.

ஒரு நாள் போச்சு என்பதுதான் இங்கே முக்கியம். கம்பைலர் கறாராக இருந்தால் மனிதனுக்கு ஒரு நாள் வீண். அதனால் தாராளமான கம்பைலருக்கு மவுசு கூடியது. ஐபிஎம் தன் 360, 370 இயந்திரங்களுக்குக் கொடுத்த ஃபோர்ட்ரானில் கலப்புக்கு அனுமதி வந்துவிட்டது. 1966-இல் வந்த முதல் தரநிலை கலப்பைத் தடுத்தது. 1977-இல் வந்த அடுத்த தரநிலை சரி, நடக்கட்டும் என்றது. ஊரே செய்கிறதைச் சட்டம் பிறகு ஏற்றுக்கொள்வது நமக்குப் புதிதில்லை.

தாராளத்தின் உச்சம் பிஎல்/ஒன் என்ற மொழி. எதை எதனோடு கலந்தாலும் மறுப்பே சொல்லாது, எப்படியாவது மாற்றிக் கூட்டிவிடும். அதில் 25 + 1/3 என்று எழுதினால் 25.33 வரவேண்டும் அல்லவா? வராது. 5.33 வரும். காரணம் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். ஒன்றை மூன்றால் வகுத்ததும் மொத்தம் பதினைந்து இலக்கத்தில் பதினான்கைப் புள்ளிக்குப் பின்னால் ஒதுக்கிவிடும். முன்னால் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம். அங்கே 25 வந்து உட்காரப் பார்த்தால் 5-க்குத்தான் நாற்காலி. 20 தெருவில் நிற்கும். வழிந்துபோனதைச் சொல்லும் எச்சரிக்கையை அணைத்து வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது என் சொந்தக் கதை. எழுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடும் வேலை எங்களுக்கு வந்தது. பெயர் வேண்டாம். ஓவர்டைம் தொகையை ரூபாயில் ரியலாகக் கணக்கிட்டு, நூறால் பெருக்கிப் பைசாவாக்கி, முழு எண் பெட்டியில் போட்டேன். முன்னே சொன்ன அதே ஓட்டை. இயந்திரத்தில் 0.29 என்ற எண்ணைத் துல்லியமாக எழுதவே முடியாது, ஒரு மயிரிழை குறையும். இன்றைய கம்ப்யூட்டரிலும் 0.29-ஐ நூறால் பெருக்கினால் 28.999999999999996 என்றுதான் வரும். முழு எண் பெட்டிக்குப் போனதும் அது 28. ஒரு பைசா காணோம்.

நான்கு மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு பிட்டர் சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தார். தன் ஓவர்டைம் மணிகளை ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். "சார், ஒரு பைசா பெரிசில்ல சார். கணக்கு யாரு போட்டதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார். மிஷின் போட்டது என்று அதிகாரி சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே வெட்டுவதற்கு முன் 0.5 கூட்டும்படி ஒரு அட்டையை மாற்றினேன். அவ்வளவுதான் பரிகாரம். பழைய பாக்கியை யாருக்கும் கொடுக்கவில்லை; சில்லறைக்காகப் பழைய பட்டியல்களைக் கிளற வேண்டாம் என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு பைசாவுக்குப் பதில் ஒரு ராக்கெட்டே போன கதையும் இருக்கிறது. 1996 ஜூன் 4, தென் அமெரிக்காவின் கூரு ஏவுதளம். ஏரியன் 5-இன் முதல் பயணம். நம் இன்சாட்-2 வரிசைச் செயற்கைக்கோள்களைச் சுமந்து போனது இதன் அண்ணன் ஏரியன் 4. அண்ணனுக்கு எழுதிய வழிகாட்டிப் புரோகிராமைத் தம்பிக்கும் அப்படியே எடுத்து வைத்தார்கள். அதில் ஓர் இடத்தில் கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை, 64 பிட் ரியலிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்ற வேண்டும். 16 பிட்டில் 32,767 வரைதான் கொள்ளும். தம்பி அண்ணனைவிட வேகக்காரன். எண் அதைத் தாண்டியது.

இங்கே கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. புரோகிராம் ஏடா மொழியில் இருந்தது. அது கறாரான மொழி. கொள்ளாது என்று உடனே கூவியது. ஆனால் அந்தக் கூவலைக் கேட்க யாரையும் வைத்திருக்கவில்லை. ஆபத்து இருக்கலாம் என்று ஏழு எண்களைக் கண்டுபிடித்து, இயந்திரத்தின் சுமை எண்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக நாலுக்கு மட்டும் காவல் போட்டு, மூன்றை விட்டிருந்தார்கள். காவல் இல்லாத மூன்றில் ஒன்று இது. முக்கியக் கணினி நின்றது. மாற்றுக் கணினியிலும் அதே புரோகிராம், அதற்குக் கொஞ்சம் முன்பே அதுவும் நின்றுவிட்டது. கிளம்பி சுமார் 40 விநாடியில் ராக்கெட்டும் அது சுமந்த நான்கு கிளஸ்டர் விஞ்ஞானச் செயற்கைக்கோள்களும் சிதறின. விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்தக் கணக்கே தேவையில்லாத கணக்கு. அண்ணனுக்காக, கிளம்பிய பிறகும் 40 விநாடி ஓட விட்டிருந்த வேலை அது. தம்பிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தேவையில்லாத கணக்கு ராக்கெட்டை வீழ்த்தியது என்பதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இதுவரை சொன்னது ஒற்றை எண். இனி வெக்டர்.

ஒரு தாம்பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு பெரிய கிண்ணம் வைக்கலாம், அல்லது இரண்டு இன்னும் பெரிய பாத்திரம், அல்லது பதினாறு சின்னக் குங்குமச் சிமிழ். ஒரே உத்தரவில் தாம்பாளத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டலாம், பெருக்கலாம். இதுதான் வெக்டர் கணக்கு. 1976-இல் வந்த கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரு தாம்பாளத்தில் 64 எண்கள் கொள்ளும். பிறகு இந்த வித்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்தது. 2000-இல் வந்த பென்டியம் 4-இல் எஸ்எஸ்இ2 என்ற பெயரில் 128 பிட் தாம்பாளம்: 32 பிட் எண்கள் நாலு, அல்லது 64 பிட் எண்கள் இரண்டு, அல்லது 8 பிட் எண்கள் பதினாறு.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு மேட்ஸயன்ஸ் என்றால் தெரியும். அங்கே 2004-இல் கப்ரு என்ற கம்ப்யூட்டர் கூட்டத்தைக் கட்டினார்கள். 144 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இன்டெல் ஜியான். அணுக்கருவுக்குள் இருக்கிற குவார்க்குகளைப் பற்றிய கணக்குக்காகக் கட்டியது. அந்த வருஷம் உலகின் முதல் 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலிலும் இடம்பிடித்தது. கப்ரு என்பது இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயர். அந்த ஜியான்களிலும் இந்த 128 பிட் தாம்பாளம்தான்.

தாம்பாளம் வந்ததும் மாற்றும் பிரச்சினை இரண்டு மடங்கானது. ஏனென்றால் மாற்றுவது என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு.

முதல் அர்த்தம், மதிப்பை மாற்றுவது. நாலணாவைக் கொடுத்து 25 பைசா வாங்குவது போல. உலோகம் மாறும், மதிப்பு கூடியவரை அப்படியே இருக்கும். இரண்டாவது அர்த்தம், உள்ளே இருக்கிற பிட்டுகளைத் தொடாமல், பார்க்கிற கண்ணாடியை மட்டும் மாற்றுவது. இதற்கு உதாரணம் நம் எல்லோர் அனுபவத்திலும் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் தமிழில் மின்னஞ்சல் வந்தால் என்ன ஆகும்? அனுப்பியவர் திஸ்கியில் அடித்திருப்பார், நம்மிடம் டாப் எழுத்துரு இருக்கும். ஒரு பைட்கூட மாறியிருக்காது, ஆனால் திரையில் பூச்சி பூச்சியாக ஓடும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி டாம், டாப் என்று தரநிலை போட்டதே இந்தத் தொல்லையால்தான். அதே பைட்டுகளை வேறு கண்ணாடியில் பார்த்ததன் விளைவு அது.

எண்ணிலும் அப்படியே. 32 பிட் ரியலில் 1.0 என்று எழுதியதை, பிட்டைத் தொடாமல் முழு எண் கண்ணாடியில் பார்த்தால் 106 கோடியே 53 லட்சத்து 53 ஆயிரத்து 216 என்று தெரியும். ஒரு ரூபாய் வைத்திருப்பவன் ஒரே நொடியில் நூறு கோடிக்கு அதிபதி.

இதில் விபரீதம் என்னவென்றால், சி மொழியில் ஒற்றை எண்ணை ஒரு பெட்டியிலிருந்து வேறு வகைப் பெட்டிக்குப் போட்டால் முதல் அர்த்தம்: மதிப்பு மாறும். ஜிசிசி என்ற பெயர்போன இலவசக் கம்பைலரில், ஆரம்ப காலத்தில், ஒரு வெக்டரை வேறு வகை வெக்டரில் போட்டால் இரண்டாவது அர்த்தம்: பிட்டுகள் அப்படியே போகும். இரண்டுக்கும் எழுதுவது அதே சமக்குறி. தாம்பாளத்தின் மொத்த அளவு 128 பிட் என்று ஒத்துப்போனால் போதும், கம்பைலர் வாயைத் திறக்காது. நாலு கிண்ணத் தாம்பாளத்தைப் பதினாறு சிமிழ்த் தாம்பாளம் என்று சொல்லி நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். ஒற்றை எண்ணுக்கு எழுதிச் சரியாக ஓடிய புரோகிராமை ஒருவர் வேகத்துக்காக வெக்டருக்கு மாற்றினால், ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் விடை குப்பையாகிவிடும்.

வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. கண்ணாடி மாற்றுவது உண்மையிலேயே தேவைப்படுகிற வேலைகள் உண்டு. படத்தின் ஒளிப்புள்ளிகளைப் பதினாறு பதினாறாக எடுத்து, அடுத்த நொடியே எட்டு எட்டாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் எழுதச் சொன்னால் புரோகிராமர் எரிச்சலடைவார். அட்டைக் காலத்து ஒரு நாள் போச்சு என்ற அதே எரிச்சல்தான்.

பிறகு ஜிசிசி தன் போக்கை மாற்றிக்கொண்டது. கிண்ணங்களின் எண்ணிக்கையோ வகையோ வேறுபட்டால் பிழை என்று நிறுத்தும். பழைய புரோகிராம்களுக்காக லாக்ஸ் வெக்டர் கன்வெர்ஷன்ஸ் என்று ஒரு சுவிட்ச் மட்டும் வைத்தார்கள். லாக்ஸ் என்றால் தளர்ந்த, கட்டுப்பாடில்லாத என்று பொருள். புதிதாக எழுதும் புரோகிராம்களுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். மதிப்பை மாற்றுவதற்கென்று தனியாக ஒரு வழி ஜிசிசியில் 2019-இல்தான் வந்தது.

இதை முதலிலேயே ஒழுங்காக யோசித்தவர்கள் ஓப்பன்சிஎல் என்ற மொழியை வகுத்தவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். 2008 கடைசியில் வந்த மொழி. அதில் ஒரு வகை வெக்டரை இன்னொரு வகைக்குச் சும்மா போடவே முடியாது. மதிப்பை மாற்ற வேண்டுமா, கன்வெர்ட் என்று தொடங்கும் பெயர். கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டுமா, ஆஸ் என்று தொடங்கும் பெயர். எப்படி வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் உருட்ட வேண்டும் என்பதையும் பெயரின் வாலிலேயே எழுதலாம். கொள்ளாத எண் வந்தால் விளிம்போடு நிறுத்து என்பதற்கும் ஒரு வால் உண்டு. படிக்கிறவன் ஊகிக்க வேண்டியதில்லை. நயா பைசா அட்டவணையைக் கடையில் தொங்கவிட்டது போல.

அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்எஸ்இ2-இல் 64 பிட் ரியல் இரண்டை 32 பிட் முழு எண்ணாக மாற்றினால், விடைகள் இரண்டும் தாம்பாளத்தின் ஒரு பாதியில் உட்காரும், மீதிப் பாதியில் பூஜ்யம் இருக்கும். தாம்பாளத்தின் அளவு மாறவில்லை என்பதால், நாலு விடை வந்திருக்கிறது என்று நினைத்து ஒருவர் சராசரி எடுத்தால், உண்மையான சராசரியில் பாதிதான் வரும். இரண்டு பேர் மார்க்கை நாலு பேருக்குப் பங்கிட்ட கதை.

கொள்ளாத எண் விஷயம் இன்னும் சுவாரசியம். 300 கோடி என்ற ரியலை 32 பிட் முழு எண்ணாக்கச் சொல்லுங்கள். அதில் கொள்வது அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இன்டெல் சிப் மைனஸ் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 648 என்று பதில் சொல்லும். அதாவது, எனக்குத் தெரியவில்லை என்பதன் சங்கேதம். நம் செல்போனில் இருக்கிற ஆர்ம் சிப் விளிம்போடு நின்று 214 கோடிச் சொச்சம் என்று சொல்லும். ஒரே புரோகிராம்தான். மேசையில் ஒரு விடை, சட்டைப்பையில் ஒரு விடை.

எண்ணே இல்லாத எண் என்று ஒன்றும் உண்டு. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது. அதை நாட் எ நம்பர், சுருக்கமாக நான் என்பார்கள். இந்த நானை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் ஆர்ம் சிப் பூஜ்யமாக்கிவிடுகிறது. மயிலாப்பூரில் உபன்யாசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்கும். ரிஸ்க்-ஃபைவ் என்ற புதிய வகைச் சிப் அதே நானை இருப்பதிலேயே பெரிய எண்ணாக்குகிறது. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி சிப் இந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். அதில் ஒன்று ரைஸ்க்ரீக் என்ற பெயரில் இன்டெல் ஆலையில் செய்தது. இன்னொன்று ரிமோ என்ற பெயரில் சண்டிகரில் செய்தது. இரண்டும் 2018-இல் வந்தவை. ரிமோவும் காரகோரத்துச் சிகரம். நம் ஊர்க் கம்ப்யூட்டர்காரர்களுக்கு மலைமேல் என்ன மோகமோ.

எந்த விடை சரி? சி மொழியின் விதியைக் கேட்டால், கொள்ளாத எண்ணை மாற்றினால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை என்கிறது. வெறும் தப்பான விடையோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று நம்பிக் கம்பைலர் மற்ற வரிகளையும் சுருக்கிவிடலாம். தப்பு நடந்த இடம் ஒன்று, உடைகிற இடம் வேறொன்றாகிவிடும்.

ஏரியன் கதையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. புத்திசாலிக் கம்பைலர்கள் நாம் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்ன வேலையைத் தாங்களாகவே தாம்பாளத்தில் அடுக்கிச் செய்துவிடும். எண் கொள்ளும் அளவில் இருந்தால் மட்டும் மாற்று, இல்லாவிட்டால் பூஜ்யம் போடு என்று ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறோம் என்று வையுங்கள். தாம்பாளத்துக்கு இருந்தால், இல்லாவிட்டால் எல்லாம் கிடையாது. நாலையும் மாற்றிவிட்டு, வேண்டாததைப் பிறகு தூக்கிப் போடும். தூக்கிப் போடப்போகிற கிண்ணத்தில் கொள்ளாத எண் இருந்தால், சிப் அபாயக் கொடியை ஏற்றிவிடும். அந்தக் கொடியைப் பார்த்ததும் நின்றுவிடும்படி புரோகிராம் இருந்தால், நாம் செய்யாதே என்று சொன்ன கணக்குக்காக அது சாகும். தேவையில்லாத கணக்கு, மறுபடியும். இதற்கு ஒரு பரிகாரம், மாற்றுவதற்கு முன்பே வேண்டாத கிண்ணங்களில் பூஜ்யம் போன்ற சாதுவான எண்ணை வைத்துவிடுவது. ஓர் உத்தரவு கூடுதல், கொஞ்சம் வேகம் குறைச்சல். ஏரியன்காரர்கள் மிச்சம் பிடிக்கப் பார்த்ததும் இந்த மாதிரிச் செலவைத்தான்.

ரஸ்ட் என்று ஒரு புது மொழி. பாதுகாப்புதான் அதன் முழு விளம்பரமும். அதிலேயே ரியலை முழு எண்ணாக்கும் இடத்தில் இந்த ஓட்டை இருந்தது. 2013-இலேயே புகார் எழுதிவிட்டார்கள். சரிசெய்தால் வேகம் குறையுமே என்ற பேச்சு வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் 2020 ஜூலையில் 1.45 பதிப்பில் முடிவு செய்தார்கள்: கொள்ளாவிட்டால் விளிம்போடு நில், நான் வந்தால் பூஜ்யம், எந்தச் சிப்பாக இருந்தாலும் இதே விடை. வேகம்தான் முக்கியம் என்பவர், காவல் இல்லாமல் மாற்று என்று வாயைத் திறந்து எழுத வேண்டும். அதற்குத் தனிப் பெயர், தனிப் பொறுப்பு. அந்த எழுதுகிற சிரமத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். என் அட்டையில் வெட்டு என்று நானே ஒரு சொல்லை ஓட்டை போட்டிருக்க வேண்டியிருந்தால், அந்தப் பிட்டரின் ஒரு பைசா என் கண்ணில் பட்டிருக்கும்.

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் என் பழைய இன்டெல் மடிக்கணினியிலும் அவனுடைய போனிலும் ஒரே சி புரோகிராமைப் போட்டு, 300 கோடியைத் தட்டிக் காட்டினான். சொன்னபடியே இரண்டு விடை. "இது பக் இல்ல தாத்தா, ரூல்லயே விட்டிருக்கான்" என்றான். கீரைக்காரம்மா கடையில் ஓர் அட்டையாவது தொங்கியது என்று சொன்னேன். நாலணாவுக்கு ஏன் 24-உம் 25-உம் வந்தது என்று அவனுக்கு விளக்கத்தான் அரை மணி ஆயிற்று. அணா என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.